மஞ்சள் பூத்த ஹெட்லைட்டைத் தேய்த்து, கிளியர் அடித்த கதை

ராத்திரியில் வெளிச்சம் போதவில்லை என்றால் நம் ஊரில் முதலில் கை வைப்பது பல்பில்தான். கம்பெனி போட்ட 60/55 வாட் எச்4 பல்பைக் கழற்றிவிட்டு 100/90 மாட்டுவார்கள். அதற்கு ஒரு ரிலே வயரிங். அதுவும் பத்தவில்லை என்றால் வெள்ளை வெளேரென்று ஒரு எல்இடி. லென்ஸ் மங்கிப்போன வண்டியில் இதனால் நஷ்டம்தான் அதிகம். கூடுதல் வெளிச்சம் ரோட்டில் விழாது. மங்கலில் பட்டு நாலாபக்கமும் சிதறி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். கூடுதல் சூடு உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சைக் கருக்கிவிடும். இத்தனைக்கும் பல்பில் ஒரு கோளாறும் இருந்திருக்காது.

எங்கள் வண்டி 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். பாளையங்கோட்டையில் ஷெட் இல்லாத வீடு என்பதால் பகல் முழுக்கத் தெருவில்தான் நிற்கும், மேற்கே பார்த்து. அதனால் இடது விளக்கு தெற்குப் பக்கம் வரும். நம் பக்கத்தில் வருஷத்தின் பெரும்பகுதி சூரியன் உச்சிக்குத் தெற்கே சாய்ந்துதான் போகிறது. இரண்டு விளக்குக்கும் ஒரே வயசு என்றாலும் இடது பக்கம் பழுப்பு மஞ்சளாகவும், வலது பக்கம் லேசாகப் புகை படிந்தது போலவும் இருந்தது. வெயில் எவ்வளவு அடித்தது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு வேண்டியதில்லை. நாங்குநேரி தாண்டி நான்கு வழிச் சாலையில் டிம் போட்டு ஓட்டும்போது இடது ஓரத்து வெள்ளைக் கோடு தெரியாமல் போனபோதுதான் சரி, இதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றியது.

ஹெட்லைட் கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, அது கண்ணாடி இல்லை. அம்பாசடர், பத்மினி காலத்தில் இருந்தது நிஜக் கண்ணாடி. அதில் கோடு கோடாக வரி இருக்கும், அந்த வரிகள்தான் வெளிச்சத்தை ரோட்டுக்குத் திருப்பும். இப்போது அந்த வேலையை ரிஃப்ளெக்டர் பார்த்துக்கொள்கிறது. முன்னால் இருப்பது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் மூடி. 1953-ல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஹெர்மன் ஷ்னெல் கண்டுபிடித்தது. கல் பட்டாலும் உடையாது, எடை குறைவு, எந்த வடிவத்துக்கும் வளையும். ஆனால் அதற்கு இரண்டு பலவீனம். எளிதில் கீறல் விழும் அளவுக்கு மேற்புறம் மென்மை. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து மஞ்சளாகும்.

இது தெரிந்துதான் தொழிற்சாலையிலேயே அதன் மேல் ஒரு கெட்டிப் பூச்சு கொடுத்து அனுப்புகிறார்கள். சில மைக்ரான் தடிமன்தான், தலைமுடியோடு ஒப்பிட்டால் அதில் ஒரு சிறு பங்கு. எந்தக் கம்பெனி வண்டியானாலும் வருஷக்கணக்கில் வெயிலைத் தாங்கிக்கொண்டிருப்பது இந்தப் பூச்சுதான். நாம் மங்கல் என்று பார்ப்பதில் பெரும்பகுதி, இந்தப் பூச்சு வெடித்து உரிந்து கிடக்கிற கோலம். அதாவது, கெட்டுப்போனது பூச்சு. பழைய பூச்சை முழுசாக எடுத்துவிட்டு, கிளியர் என்கிற நிறமில்லாத பூச்சு ஒன்றைப் புதுசாகப் போடாமல், இருப்பதைப் பளபளப்பாக்கி வைத்தால் நிற்காது. இந்த வேலையில் புரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கைவேலை.

பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். பற்பசையில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் தூளோ சிலிக்காவோ மேலே இருக்கும் புகையைக் கொஞ்சம் அரைத்தெடுக்கும், உண்மைதான். லேசான மங்கலுக்கு அன்றைக்கு நன்றாகத் தெரியும். கூடவே மிச்சமிருந்த பூச்சும் போயிருக்கும். ஆகவே அடுத்த கோடைக்குள் முன்னைவிட மோசமாகத் திரும்பிவரும். இதையாவது மன்னிக்கலாம். டீட் கலந்த கொசு விரட்டியைத் தடவும் வித்தை இருக்கிறதே, அதைச் செய்யவே கூடாது. டீட் பாலிகார்பனேட்டைக் கரைக்கும். மேற்புறம் கரைந்து சமமாவதால் தடவியவுடன் கண்ணாடி போல் ஆகிவிடும், வீடியோவுக்குப் பிரமாதமாக இருக்கும். அப்புறம் பிசுபிசுத்து, தூசியை இழுத்து, நுண்விரிசல் விடும். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் இதே ஜாதிதான்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு சோதனை. வண்டியைக் கழுவி, லென்ஸ் மேல் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது மங்கல் பெரும்பாலும் மறைந்து உள்ளே பல்பு தெளிவாகத் தெரிந்தால், கோளாறு வெளிப்புறத்தில் இருக்கிறது, தேய்த்தால் போகும். ஈரத்திலும் வெள்ளையாகவே தெரிந்தால் மங்கல் உட்பக்கம் இருக்கிறது, அல்லது விரிசல் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஆழமாக இறங்கிவிட்டது. டார்ச்சை ஓரத்திலிருந்து சாய்த்து அடித்தால் சிலந்தி வலை மாதிரியான விரிசல் பளிச்சென்று காட்டிக் கொடுக்கும். எங்களுடையதில் வலது விளக்கு ஈரத்தில் நன்றாகத் தெளிந்தது. இடது விளக்கு முக்கால்வாசி தெளிந்தது, உள் மூலையில் மட்டும் ஒரு புகை அப்படியே நின்றது.

இன்னொன்றும் முன்னாலேயே செய்துவிடுவது நல்லது. இருட்டியதும் வண்டியை ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, டிம் போட்டு, மொபைலில் எக்ஸ்போஷரைப் பூட்டிவைத்து ஒரு படம். தானியங்கியில் விட்டால் மொபைல் தானாக வெளிச்சத்தைச் சரிக்கட்டி, முன்னும் பின்னும் ஒன்றுபோலக் காட்டிவிடும்.

சாமான் வாங்க பெயிண்ட் மிக்ஸிங் கடைக்குப் போனேன். தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரில் 800, 1000, 1500; எண் கூடக் கூடச் சொரசொரப்பு குறையும். நெருக்கமாக ஒட்டும் நல்ல மாஸ்கிங் டேப், கையுறை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். வாட்டர் பேப்பர் என்று கேட்டால்தான் கிடைக்கும். மரத்துக்குப் போடும் உப்புத்தாளைக் கொடுத்துவிட்டால் தண்ணீரில் ஊறிப் பிய்ந்துவிடும். பாலிஷ் போடுகிற பசையான காம்பவுண்டும் ஒரு டப்பா எடுத்து மேஜையில் வைத்தேன். கடை அண்ணாச்சி அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

“கிளியர் அடிக்கப் போறியளா, பாலிஷோட விடப் போறியளா?”

“பாலிஷ் போட்டு, அது மேல கிளியர் அடிக்கலாம்னு இருக்கேன், அண்ணாச்சி.”

“எதுக்கு ரெண்டும்? வழவழன்னு ஆக்கிட்டா கிளியர் எங்க போய்ப் பிடிக்கும்? ஆயிரத்தோட நிறுத்திட்டு அடிங்க தம்பி. பாலிஷ் மட்டும் போட்டுட்டுப் போனா, அடுத்த சித்திரைக்கு மறுபடி இங்கதான் வந்து நிப்பிய.”

அவர் சொன்னது வீடியோக்களில் பாதிப் பேர் கோட்டை விடுகிற இடம். 3000 வரை தேய்த்து, காம்பவுண்ட் போட்டு, கண்ணாடியாக்கி, பிறகு அதன் மேல் கிளியர் அடிக்கிறார்கள். கிளியர் பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும். தவிரவும் காம்பவுண்டில் இருக்கும் எண்ணெயோ மெழுகோ துளி மிச்சமிருந்தாலும், அந்த இடத்தில் கிளியர் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி நிற்கும். கிளியர் அடிப்பதாக இருந்தால் 1000-லோ 1500-லோ நிறுத்திவிடலாம், மிச்சக் கீறலைக் கிளியரே நிரப்பிக்கொள்ளும். கிளியர் இல்லாமல் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுவதோ சீலன்ட் தடவுவதோ என்றால்தான் 3000 வரை போய்ப் பாலிஷும் போட வேண்டும்.

கிளியரில் சாதாரண ஸ்பிரே டப்பா வேண்டாம். ஹார்ட்னர் கலந்து இறுகும் 2கே கிளியர்தான் வெயிலுக்கும் பெட்ரோல் துளிக்கும் தாங்கும். பட்டறைக்காரர்கள் கம்ப்ரஸரும் கன்னும் வைத்து அடிப்பது இதைத்தான். வீட்டுக்கு, அடியில் ஒரு பொத்தான் வைத்த டப்பா கிடைக்கிறது. அழுத்தினால் உள்ளே ஹார்ட்னர் உடைந்து கலக்கும். கலந்துவிட்டால் ஓரிரு நாளில் டப்பாவுக்குள்ளேயே இறுகிப்போகும், எடுத்து வைத்துப் பிறகு அடிக்க முடியாது. விலையும் மற்ற ஸ்பிரேயைப் போல் பல மடங்கு. அக்கம்பக்கத்தில் இன்னும் ஒரு வண்டியைச் சேர்த்துக்கொண்டால் கட்டுப்படியாகும்.

டேப் ஒட்டுவதில் சோம்பல் கூடாது. வாட்டர் பேப்பர் ஒரு நழுவு நழுவினால் பம்பர் பெயிண்ட் போய்விடும். பானெட்டைத் திறந்து வைத்துத்தான் ஒட்ட வேண்டும், ஏனென்றால் விளக்கின் மேல் விளிம்பு பானெட் உதட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். வெயிலில் அதிகம் அடிபட்டதும் அந்த விளிம்பை ஒட்டிய பகுதிதான். இரண்டு மூன்று அடுக்கு டேப் ஒட்டினேன்.

தாளை நான்காக வெட்டி, ஷாம்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, பழைய ஹவாய் செருப்பில் ஒரு துண்டை அறுத்துக்கொண்டேன். பெயிண்டர்கள் காலங்காலமாகப் பிடிக்கும் கட்டை அதுதான். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடம் பள்ளமாகும். செருப்பு ரப்பர் வளைவுக்கு ஏற்ப வளைந்தும் கொடுக்கும், அழுத்தத்தைச் சமமாகவும் பரப்பும்.

800-ல் படுக்கைவாட்டில் தேய்க்கத் தொடங்கியதும் வடிந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது. மோசமான மஞ்சள், பம்பரெல்லாம் கறை. செத்த பூச்சு போகிறது என்று அர்த்தம். பத்து இருபது இழுப்புக்குள்ளேயே மேல் பாதி வேலை முடிந்தது போல் சமமாகிவிட்டது. கஷ்டம் கீழ்ப் பாதியில். அங்கே வெயில் நேராக விழாததால் பழைய பூச்சு இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். துடைத்துக் காயவிட்டுப் பார்த்தால் வரைபடம் போட்டது போல ஒரு எல்லைக்கோடு தெரியும். மேலே மட்டமான வெள்ளை, கீழே பளபளப்புத் திட்டுகள். நல்லாத்தானே இருக்கிறது என்று அந்தத் திட்டுகளை விட்டுவிடத் தோன்றும். விட்டால், புதுக் கிளியர் அடித்த பிறகும் அந்த எல்லைக்கோடு வரி வரியாகத் தெரியும். தவிர, அந்தப் பழைய பூச்சு பிறகு உரியும்போது மேலே அடித்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஆகவே மொத்த நேரத்தில் பெரும்பங்கு, மேலுக்குக் கெடுதி எதுவும் தெரியாத இந்தக் கீழ்ப்பகுதியில்தான் செலவாகிறது. தாளை அடிக்கடி புதுத் துண்டாக மாற்றி, தண்ணீர் நிற்காமல் ஊற்றிக்கொண்டு, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். அழுத்தினால் வேகம் கூடாது, கீறல்தான் ஆழமாகும்.

எப்போது நிறுத்துவது என்பதற்குத் தண்ணீரே சாட்சி. மஞ்சள் போய், சுத்த வெள்ளையாக வடியத் தொடங்கினால் பூச்சு முடிந்து பிளாஸ்டிக்கைத் தொட்டுவிட்டோம். துடைத்தால் லென்ஸ் முழுக்க ஒரே மாதிரி, பாத்ரூம் ஜன்னல் கண்ணாடியைப் போல மொழுமொழுவென்று வெளுத்திருக்க வேண்டும். முதல் தடவை செய்கிறவர்களுக்கு இந்தக் கட்டத்தில் வயிற்றில் புளி கரைக்கும். விளக்கு முன்னைவிடக் கேவலமாகத் தெரியும். அப்படித் தெரிந்தால்தான் சரி.

1000-க்கு மாறும்போது திசையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். 800 படுக்கைவாட்டம் என்றால் 1000 செங்குத்து. அப்போதுதான் முந்தைய கீறல் மிச்சம் இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும். குறுக்கே ஒரு கோடு தெரிந்தால் அது 800-ன் கோடு, அது போகும் வரை அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. வட்ட வட்டமாகத் தேய்த்தால் எது எந்தத் தாளின் கீறல் என்று யாராலும் சொல்ல முடியாது. வாளித் தண்ணீரையும் மாற்றிவிட வேண்டும். 800-ன் துகள் ஒன்று தங்கியிருந்தாலும் 1500-ல் தேய்க்கும்போது நீளமாக ஒரு கோடு இழுத்துவிடும். 1500 திரும்பவும் படுக்கைவாட்டில், லேசாக. அதோடு நிறுத்தினேன்.

கிளியருக்கு நாள் பார்க்க வேண்டும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைகிற காற்றை அனுபவித்த திருநெல்வேலிக்காரர்களுக்கு அது மிகையாகத் தெரியாது. ஈரக் கிளியர் மேல் ஒரு கொசு உட்கார்ந்தாலே போதும், வேலை பாழ். மழை ஈரம் நிறைந்த நாளும் உதவாது, பூச்சு பால் பூத்துவிடும். காற்று அடங்கிய ஒரு காலையில், வெயில் ஏறி உலோகம் சூடாகும் முன் வைத்துக்கொண்டேன்.

பழைய பேப்பரால் பம்பர், பானெட், ஃபெண்டர் எல்லாவற்றையும் மூடினேன். முன் கண்ணாடிக்கு ஒரு பழைய போர்வை. கிளியர் புகை நினைத்ததைவிடத் தூரம் போய் உட்காரும். லென்ஸை ஆல்கஹால் நனைத்த பனியன் துணியால் துடைத்து, பிறகு கையே படாமல் பார்த்துக்கொண்டேன். விரல் ரேகை கூட எண்ணெய்தான்.

முகமூடி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். 2கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது, ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். துணி முகமூடியும் கொரோனா காலத்து என்95-ம் இதைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேண்டும், திறந்த வெளி வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. மாஸ்க் வாங்க மனமில்லை என்றால் தேய்ப்பதை வீட்டில் முடித்துக்கொண்டு, கிளியருக்கு மட்டும் பட்டறையில் விட்டுவிடலாம். வேறு வண்டிக்குக் கிளியர் அடிக்கும்போது உங்களுடையதற்கும் இரண்டு கை சேர்த்து அடித்துக் கொடுப்பார்கள்.

முதல் கோட் தூவலாகத்தான் இருக்க வேண்டும். 20, 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, லென்ஸுக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்கிற மாதிரி ஒரு வீச்சு. நனையவே கூடாது. கிளியரில் இருக்கும் கரைப்பான் வெறும் பாலிகார்பனேட்டையும் தின்னும், முதல் கோட்டையே கனமாக அடித்தால் நுண்விரிசல் விழும். பத்து நிமிஷம் விட்டு இரண்டாவது கோட், இது ஈரமாக. வெள்ளையாக வெளுத்துக் கிடந்த பிளாஸ்டிக், டப்பா நகர்கிற வழியிலேயே கோடு கோடாகத் தெளிந்து, பின்னாலிருக்கும் ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு மடிப்பும் பல்பின் முனையில் இருக்கும் சாம்பல் தொப்பியும் தெரியத் தொடங்குகிறது. அந்தக் காட்சிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் ஒரு வீச்சு அதிகமாக அடிக்கக் கை துறுதுறுக்கும், அடித்தால் வழியும். லென்ஸ் செங்குத்தாக நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது. இன்னும் பத்து நிமிஷம் கழித்து மூன்றாவது கோட், அத்தோடு சரி.

டேப்பைக் கிளியர் முழுசாக இறுகும் முன்பே, தொட்டால் ஒட்டாத பதத்தில், மெல்லச் சாய்த்து உரித்துவிட வேண்டும். மறுநாள் உரித்தால் விளிம்பில் பூச்சும் சேர்ந்து கிழியும். அன்றைக்கு வண்டியை எடுக்கவில்லை. ஒரு வாரத்துக்கு ஷாம்பு படவும் விடவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் வலது விளக்கில் ஆரஞ்சுத் தோல் போல லேசான மேடு பள்ளம் இருக்கிறது. நன்றாக இறுகிய பிறகு 2000-ல் தேய்த்து, அன்றைக்கு அண்ணாச்சி தள்ளி வைத்த காம்பவுண்டைப் போட்டால் அது போய்விடும். வெளிச்சத்துக்கு அதனால் குறையில்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

சுவர்ப் படத்துக்கு வருவோம். முன்னால் எடுத்ததில் சுவர் முழுக்க ஒரு மஞ்சள் மூட்டம், வெளிச்சம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது. இப்போது டிம்மின் மேல் விளிம்பு ஸ்கேல் வைத்த மாதிரி நேராக ஓடி, நடுவில் இடது பக்கமாக ஏறுகிறது. இடது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கில் அந்த ஏற்றம் வேண்டுமென்றே வைத்தது: சாலையோரமும் பலகையும் தெரியட்டும், எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருக்கட்டும் என்று. மங்கல் இருந்தவரை அந்த ஏற்பாடு மொத்தமும் வீணாகிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2018-ல் வெளியிட்ட சோதனையில், மோசமாக மங்கிய லென்ஸ் டிம்மில் புதுசு தரும் வெளிச்சத்தில் 22 சதவீதம்தான் தந்தது, தேய்த்துச் சரிசெய்ததில் 70 சதவீதம் வரை மீண்டது. ஆகவே புது அசெம்பிளிக்கு, அதாவது முழு விளக்கையும் புதுசாக மாற்றுவதற்கு, இது சமம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அசெம்பிளி விலையையும் பம்பர் கழற்றும் கூலியையும் கேட்டுவிட்டு வந்து யோசித்தால் 70 மோசமில்லை.

வெளிச்சத்தின் விளிம்பு தெளிவாகத் தெரிவதால் உயரத்தையும் அப்போதே சரிபார்த்துவிடலாம். டேஷ்போர்டில் விளக்கின் உயரத்தை மாற்றும் லெவல் திருகு பூஜ்யத்தில் இருக்க, 10 மீட்டர் தள்ளிய சுவரில் அந்த விளிம்பு விளக்கின் மையத்தைவிடச் சுமார் 10 செ.மீ. கீழே இருக்க வேண்டும். எங்களுடையதில் வலது பக்கம் மேலே தூக்கியிருந்தது, பின்னால் இருக்கும் திருகாணியில் இறக்கினேன். மங்கலாக இருந்தபோது இது தெரியவே வாய்ப்பில்லை.

இடது விளக்கின் உள் மூலையில் இருந்த புகை அங்கேயேதான் இருக்கிறது. அது உட்பக்கம் படிந்தது. பம்பரைக் கழற்றி, விளக்கை வெளியே எடுத்து, ஹீட் கன்னால் விளிம்பின் பசையை இளக்கி, லென்ஸைப் பிரித்தால்தான் துடைக்க முடியும். திரும்ப ஒட்டும்போது ஒரு நூல் இடைவெளி விட்டாலும் வடகிழக்கு மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும். அந்த மூலை வழியாக டிம் வெளிச்சம் போவதில்லை, பார்க்கிங் பல்பு மட்டும்தான் இருக்கிறது. அதனால் இப்போதைக்கு அதைத் தொடுவதாக இல்லை.